புத்தளத்தில் தங்கிவிட்டவர்களின் யாழ்ப்பாண உரித்து

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாத இறுதி நெருங்கும்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கேள்வி எழுப்பப்படுவதுண்டு. போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாகிவிட்டது. பாதை திறந்து கிடக்கிறது. இரவில் ஏறினால் விடியும்போது இறங்கும் வகையில் பஸ் ஓடுகிறது. அப்படியிருக்க, 1990 இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் ஏன் இன்னும் திரும்பி வரவில்லை? கேட்பவர் பெரும்பாலும் விடைக்காகக் காத்திருப்பதில்லை. “அவர்களுக்குப் புத்தளத்தில் வசதி. வீடு கட்டிவிட்டார்கள், கடை போட்டுவிட்டார்கள், பிள்ளைகளும் அங்கேயே கலியாணம் முடித்துவிட்டார்கள். பழகிய இடத்தை விட்டு எழும்ப மனமில்லை” என்று அவரே கூறி முடித்துவிடுவார்.

இந்த விடையில் ஒரு பாதி உண்மையாகும். வடபுல முஸ்லிம்களுள் கணிசமானோர் இனிப் புத்தளமே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் போதும் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் நாம் ஏற்றிக் கூறும் பொருள் வேறு, அவர்கள் கருதும் பொருள் வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாதவரை, மீள்குடியேற்றம் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் ஒக்டோபர்ச் சடங்காகவே முடிந்துவிடும்.

நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்துவது இளைய வாசகர்களுக்கு உதவும். 1990 ஒக்டோபர் 15 அளவில் சாவகச்சேரி முஸ்லிம்கள் முதலில் வெளியேற்றப்பட்டனர். தொடர்ந்து மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எனப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த ஏனைய பகுதிகளிலும் அதே கட்டளை பிறப்பிக்கப்பட்டது. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ். நகரின் முறை வந்தது. சோனகத் தெருவிலும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்திலும் ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களை மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். நகை, பணம், உறுதிப் பத்திரம், தையல் இயந்திரம் யாவும் பின்தங்கின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து இவ்வாறு அகற்றப்பட்டோர் 70,000 பேருக்கும் அதிகமானோர். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டத்தில் ஏறத்தாழ 14,000 முஸ்லிம்கள் இருந்தனர் (அப்போது கிளிநொச்சியும் இம்மாவட்டத்துடன் சேர்ந்தே இருந்தது). 2012 இல் அத்தொகை இரண்டாயிரம் அளவில் நின்றது.

வாழ்க்கையில் முன்னேற விரும்புபவர் தமக்குப் பழகிப்போன வட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும் என்று இக்காலத் தன்னம்பிக்கை நூல்களும் பயிற்சிப் பட்டறைகளும் போதிக்கின்றன. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அந்தப் போதனை தேவைப்படவில்லை. அவர்களது வட்டத்தை மற்றவர்கள் துவக்கு முனையில் உடைத்துவிட்டார்கள். ஐந்துசந்தியில் கடை வைத்திருந்தவர் புத்தளத்து வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலியானார். உப்பளத்தில் உப்பு வாரினார். தென்னந்தோட்டங்களின் நடுவே கிடுகுக் கொட்டில்களில், உலர் உணவு நிவாரண அட்டையை நம்பிப் பிள்ளைகளை வளர்த்தார். புத்தளத்து மக்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்டு ஆரம்பத்தில் காட்டிய பெருந்தன்மை வரலாற்றில் பதியப்படவேண்டியது. அதேவேளை கிணற்று நீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலி வேலைக்கும் இரு தரப்பும் போட்டியிட நேர்ந்தபோது முறுகல்கள் தோன்றியதும் உண்மையே. தில்லையடியிலும் பாலாவியிலும் ஆலங்குடாவிலும் கற்பிட்டியிலும் இன்று நாம் காணும் கல்வீடுகள் அத்தனையும் அந்தக் கூலியிலிருந்தும் வெளிநாட்டு உழைப்பிலிருந்தும் எழுந்தவை. உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007 இல் ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டமும் அதற்குக் கைகொடுத்தது.

இந்த வீடுகளைப் பார்த்துத்தான் “வசதியாக இருக்கிறார்கள்” என்கிறோம். அவை எதற்காகக் கட்டப்பட்டன என்பதைக் கேட்டால் கதை வேறாகிறது. வடபுல முஸ்லிம் சமூகத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பது நெடுங்கால வழக்கம். நமது யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அந்நியமான வழக்கமன்று. 1990 இல் ஐந்து வயதாக இருந்த மகள் 2005 அளவில் மணவயதை அடைந்துவிட்டாள். ஊருக்குத் திரும்பும்வரை கலியாணம் காத்திருக்காது. தகப்பன் புத்தளத்தில் பத்துப் பேர்ச் காணி வாங்கினார். போர்நிறுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீட்டை வந்த விலைக்கு விற்று அந்தப் பணத்தில் காணி வாங்கியவர்களும் உண்டு. மாப்பிள்ளை அங்கு வந்து சேர்ந்தார். பேரப்பிள்ளைகள் அங்கு பிறந்தார்கள். அந்தக் குடும்பம் புத்தளத்தில் தங்க வேண்டும் என்று ஒருநாளும் தீர்மானித்ததில்லை. ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டுக்கு வேண்டியதைச் செய்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அது ஒரு தீர்மானமாகவே ஆகியிருந்தது.

இங்கே தமிழ் மக்களின் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் அனைவரும் ஒரே இரவில் வெளியேறுமாறு பணிக்கப்பட்டார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த அந்த மனித வெள்ளத்தை மறந்தவர் எவரும் இங்கில்லை. ஆனால் 1996 இன் நடுப்பகுதிக்குள் அவர்களுள் பெரும்பாலானோர் வீடு திரும்பிவிட்டனர். கதவும் கூரையும் களவு போயிருந்தாலும் வீடு இருந்தது; அயல் இருந்தது; பிள்ளை அதே பாடசாலைக்குப் போனது. ஆறு மாதப் பிரிவுக்கும் மூன்றரைத் தசாப்தப் பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் காலக் கணக்கு அன்று. 1990 இல் பத்து வயதாக இருந்தவர் இன்று நாற்பதுகளின் நடுப்பகுதியில் நிற்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் வாப்பாவின் ஊர். தங்களுடைய ஊர் அன்று.

போதுமென்ற மனத்தைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருப்பதைக் கொண்டு மனநிறைவடைவதை இஸ்லாம் ‘கனாஅத்’ எனச் சிறப்பிக்கிறது. பேராசையைக் கடிந்துரைக்காத சைவப் பெரியாரும் இலர். இருமுறை வேரறுந்து மூன்றாம் முறையும் எங்கோ சென்று புதிதாகத் தொடங்க விரும்பாத ஒருவர், “எனக்கு இது போதும், என் பிள்ளைகளை இனியும் அலைக்க மாட்டேன்” என்று சொல்வாராயின் அதனைச் சோம்பல் என்றோ ஊர்ப்பற்று இன்மை என்றோ சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அது நிதானமான முடிவு. சில வேளைகளில் திரும்பி வருவதைக் காட்டிலும் துணிவான முடிவும் கூட.

ஆனால் ஒரு முடிவு மனநிறைவின்பாற்பட்டதா, வேறு வழியின்மையின்பாற்பட்டதா என்று அறிவது எப்படி? பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதுபற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நெடுங்காலம் இழப்பில் வாழ்பவர்கள் தமக்குக் கிடைக்கக்கூடியதற்கு ஏற்பத் தமது விருப்பங்களையே சுருக்கிக்கொள்வார்கள் என்றும், ஆகவே அவர்கள் “குறையில்லை” என்று சொல்வதை மட்டும் வைத்து அவர்களது நிலையை அளந்துவிட முடியாது என்றும் அவர் வாதிடுகிறார். 2006 இல் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் புத்தளம் நலன்புரி நிலையங்களில் கருத்தறிந்தபோது மிகப் பெரும்பாலானோர் அங்கேயே தங்க விரும்புவதாகத் தெரிவித்தனர். இந்தத் தகவல் பின்னர் பல இடங்களில் எடுத்தாளப்பட்டது. அந்த ஆண்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். யுத்தம் மீண்டும் மூண்டு, ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு அது. அவ்வேளையில் யாழ்ப்பாணத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டால் யாழ்ப்பாணத்திலிருந்த தமிழர்களே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தாமாக ஒரு வட்டத்தை விட்டு வெளியேறியவர் எப்படியிருப்பார் என்பதற்கு யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் பயின்ற ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிம். அக்காலத்தில் அதனைவிடப் பெரிய பதவி ஓர் இலங்கையருக்கு எளிதில் வாய்க்காது. 1948 இல் அவர் அதனை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். சம்பளமும் அதிகாரமும் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அவரை எவரும் தள்ளவில்லை. வேண்டுமானால் சிவில் சேவையிலேயே அமைதியாக ஓய்வூதியம் வரை இருந்திருக்கலாம். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. அவர் ஒன்றைத் தெரிவு செய்தார். மனநிறைவு, துணிவு ஆகிய இரண்டு சொற்களுக்குமே அங்குதான் பொருள் உண்டாகிறது.

புத்தளத்திலிருப்பவருக்கு யாழ்ப்பாணக் கதவு அவ்வாறு திறந்திருந்ததா? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில், வெளியேற்றம் குறித்து அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்து, முஸ்லிம்கள் தமது இடங்களுக்குத் திரும்பலாம் என்றார். சிலர் வந்து வீடுகளைப் பார்த்தனர். கூரையில்லை, யன்னலில்லை, முற்றத்தில் மரம் வளர்ந்திருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் யுத்தம் திரும்பியது. 2009 இற்குப் பின்னர் உண்மையான வாய்ப்பு ஏற்பட்டபோது வேறொரு தடை எழுந்தது. இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்தோருக்கே நிவாரணத்தில் முன்னுரிமை வழங்கப்பட்டது; 1990 இன் மக்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்ற பெயருடன் வரிசையின் கடைசிக்குச் சென்றார்கள். வன்னியிலிருந்து வந்த மக்களின் துயரம் அளவிடற்கரியது என்பதில் இரு கருத்தில்லை. ஆயினும் துயரம் பழையதாகிவிட்டதால் உரிமையும் பழையதாகிவிடும் என்ற எண்ணம் நிருவாகத்தில் அப்போது வேரூன்றிவிட்டது.

அதன் பின்னர் வந்தது ஒரு விசித்திரமான சுழல். இதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டும், ஏனெனில் “பதிந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்” என்ற குற்றச்சாட்டு இதிலிருந்தே பிறக்கிறது. மீள்குடியேற விரும்பும் குடும்பம் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிய வேண்டும். வீட்டுத்திட்டத்துக்குத் தகுதி பெற வேண்டுமானால் அந்த இடத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பதைக் காட்ட வேண்டும். குடியிருப்பதற்கு வீடில்லை, வீடு கிடைப்பதற்குக் குடியிருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பை நடு ஆண்டில் முறித்து, மனைவி மக்களை இடிந்த சுவருக்குள் தறப்பாள் கட்டி வைக்க எத்தனை தகப்பன்மார் துணிவார்கள்? ஆண்கள் தனியே வந்து சோனகத் தெருவில் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி வியாபாரம் செய்தார்கள். குடும்பம் புத்தளத்திலேயே இருந்தது. சோதனைக்குச் சென்ற அலுவலர் வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டார். பெயர் வெட்டப்பட்டது. அலுவலரையும் குறைகூற முடியாது. அவருக்குக் கிடைத்த சுற்றறிக்கை அப்படி.

இவற்றுடன் காணிப் பிரச்சினை. யாழ். குடாநாட்டில் அரச காணி அரிது. 1990 இல் ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் இன்று மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகிவிட்டனர். சோனகத் தெருவின் ஒடுங்கிய வளவு அத்தனை பேரையும் தாங்காது. அன்று வாடகைக்கு இருந்தவர்களுக்கு இன்று காட்டுவதற்கு உறுதியே இல்லை. சொந்தக் காணி உள்ளவர்களுக்கும், பத்து ஆண்டு இடையூறின்றி ஆட்சி செய்பவருக்கு உரித்தைக் கொடுக்கும் காலவிதிப்புச் சட்டம் பெரும் அச்சமாக இருந்தது. யுத்தத்தினால் தமது காணிக்கு வர முடியாதிருந்த காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கலாகாது என்று பாதுகாப்பளிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 2016 இல்தான், அதாவது வெளியேற்றம் நடந்து இருபத்தாறாம் ஆண்டில்தான், பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். ஒருவர் புத்தளத்தில் மனநிறைவுடன் தங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் யாழ்ப்பாணத்தில் அவருக்குள்ள உரித்து அற்றுவிடுமா? உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக 1998 இல் ஐக்கிய நாடுகள் முன்வைத்த வழிகாட்டிக் கோட்பாடுகள், திரும்புவதையும் வேறிடத்தில் குடியமர்வதையும் அவரவரது சுயவிருப்புக்கு விட்டுவிடுகின்றன. 2005 ஆம் ஆண்டின் பின்ஹேரோ கோட்பாடுகள் இன்னும் தெளிவாக, வேறிடத்தில் வாழத் தெரிவு செய்தவரும் தமது வீட்டையும் காணியையும் மீளப் பெறும் உரிமையை இழப்பதில்லை என்கின்றன. திரும்புவது வேறு, உரித்து வேறு. பொஸ்னியாவில் 1995 சமாதான உடன்படிக்கையின் பின்னர் இந்த வேறுபாடு நடைமுறையிலேயே காட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீட்டு உரிமைக் கோரிக்கைகளுள் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் தீர்க்கப்பட்டு, வீடுகள் உரியவர்களிடம் கையளிக்கப்பட்டன. திறப்பைப் பெற்றவர்களுள் பலர் அங்கு குடியேறவில்லை, விற்றார்கள், மாற்றிக்கொண்டார்கள். அப்படியாயின் ஏன் கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. திறப்பு கையில் வந்த பின்னர்தான் “நான் வேறிடத்தில் இருக்கிறேன்” என்பது அவர்களுடைய சொந்த முடிவானது.

நாமும் இந்த நியாயத்தை அறியாதவர்கள் அல்லர். நமக்கென்று வரும்போது நன்றாகவே அறிந்திருக்கிறோம். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதிகளிலிருந்து 1990 ஜூனில் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோண்டாவிலிலும் ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். அங்கே வீடு வாங்கியோரும் உண்டு, பேரப்பிள்ளை கண்டோரும் உண்டு. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது, “இருபத்தேழு ஆண்டுகள் கழித்து இனி எதற்கு?” என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது எழுதியதா? எழுதியிருந்தால் அதனை நாம் மன்னித்திருப்போமா? இன்னும் சற்றுத் தொலைவு செல்லலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நமது உறவுகள் திரும்பி வரவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லும்போது “அங்கே நல்லாய் இருக்கினம்” என்பதில் பெருமை தொனிக்கிறது. அவர்களது பூட்டிய வீட்டை அயலவர் பார்த்துக்கொள்கிறார். காணிக்கு வேலி அடைக்கிறார். புத்தளத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அதே “நல்லாய் இருக்கினம்” ஒரு கணக்கு முடிக்கும் சொல்லாகிவிடுகிறது.

பழகிய வட்டத்தை விட்டு எழும்ப மனமில்லாதவர் யார் என்ற கேள்வியை இப்போது நாம் நம்மிடமே கேட்க வேண்டியவர்களாகிறோம். அவர்கள் இல்லாத யாழ்ப்பாணம் நமக்குப் பழகிவிட்டது. இரண்டு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் முஸ்லிம் சகபாடி ஒருவரும் இல்லாத வகுப்பறையில் படித்து முடித்துவிட்டார்கள். இன்று ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜாவும் இயங்குகின்றன. பள்ளிவாசல்களில் பாங்கொலி கேட்கிறது. இவற்றைக் கண்டதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் அதே ஆண்டில் வடபுல முஸ்லிம்கள் விடயத்தில் பரிந்துரைகளைச் செய்தது. அந்தப் பக்கங்களைப் புரட்டியவர்கள் குடாநாட்டில் எத்தனை பேர்? எமது பத்திரிகைத் துறையையும் இக்கேள்வியிலிருந்து நாம் விலக்கிவிடவில்லை.

செய்யக்கூடியவை பல உள்ளன. மிகப் பெரிய நிதி வேண்டியவையும் அல்ல. திரும்பி வந்து குடியேறுவோர், வந்து போவோர், புத்தளத்திலேயே இருக்க முடிவு செய்தோர் என மூவகையினரையும் ஒரே இடாப்பில் வைத்து, யாருக்கு எது வேண்டுமென்று தனித்தனியே கேட்கலாம். வீட்டுத்திட்டத்துக்குக் குடியிருப்பை நிபந்தனையாக வைக்காமல், வீடு கட்டி முடிந்தபின் குறித்த காலத்துக்குள் குடிவரவேண்டும் என நிபந்தனையைத் திருப்பிப் போடலாம். திரும்ப விரும்பாதவருக்குக் காணி உரித்தை உறுதிப்படுத்திக் கொடுத்து, விற்பதா வைத்திருப்பதா என்பதை அவரிடமே விடலாம். வாக்குப் பதிவையும் இத்துடன் சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற மக்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததை இங்கு நினைவூட்டுகிறோம். வெளியே தங்கிவிட்டவர்களுக்கு ஊரில் அக்கறையில்லை என்பவர்கள், அத்தனை தூரம் பஸ்ஸில் சென்று வாக்களிக்க முற்பட்டவர்களுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அண்மையில் சோனகத் தெருவில் முதியவர் ஒருவரைக் காண நேர்ந்தது. தையற்கடை வைத்திருந்தவர், இப்போது தில்லையடியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒரு தடவை வந்து, கூரையில்லாத தமது வீட்டின் பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்துவிட்டுப் போவாராம். திரும்பி வந்து இருக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டோம். “இல்லைத் தம்பி. அங்கே மகள் இருக்கிறாள், பேரன்மார் இருக்கிறார்கள். எனக்கு அது போதும்” என்றார். பிறகு சேட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். அந்த வீட்டுக்கு அன்று காலை மாநகர சபையில் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு அது.